இது நம்மூரு பாம்பு இல்லப்பா

போன ஐப்பசியில ரெண்டு நாள் அடைமழை விட்ட காலை. மண்வெட்டி எடுக்க மோட்டார் கொட்டாய்க்குள்ள போன பக்கத்துக் கொல்லைக்காரர் போன வேகத்துல வெளிய ஓடி வந்தார். "கண்ணாடி விரியன்டா! தடியா கெடக்கு!"

அவர் போட்ட சத்தத்துல பத்து பேர் கூடிட்டாங்க. ஸ்டார்ட்டர் பெட்டிக்குக் கீழ, காஞ்ச சாக்கு மேல சுருண்டு கிடந்தது. கை மணிக்கட்டு தடிமன், பழுப்பும் கறுப்புமா திட்டுத்திட்டா உடம்பு. அடிக்கிறதுக்கு சவுக்குக் கழியும் வந்தாச்சு. எனக்கு மட்டும் ஒரு சந்தேகம். இவ்வளவு பேர் சத்தம் போடுறோம், கண்ணாடி விரியனா இருந்தா இந்நேரம் குக்கர் விசில் மாதிரி சீறியிருக்கணுமே? இது சீறவே இல்லை. தலையை உடம்புக்குள்ள ஒளிச்சுக்கிட்டு, நூல்கண்டு மாதிரி உருண்டையா ஆயிடுச்சு.

"யாரும் கிட்டப் போகாதீங்க, கொஞ்சம் பொறுங்க"ன்னு சொல்லிட்டு, ஏரிக்கரைக்கு ஆள் அனுப்பி இருளர் தாத்தாவை வரவழைச்சேன். எங்க அப்பா காலத்துல இருந்து எங்க வரப்புல எலி பிடிக்கிறவர். வந்தவர் குத்துக்கால் போட்டு உக்காந்து, அஞ்சு நிமிஷம் ஒண்ணும் பேசாம பாத்தார். அப்புறம் சொன்னார்: "விரியன் இல்ல. மலைப்பாம்புக் குட்டியும் இல்ல. இது நம்மூரு பாம்பே இல்லப்பா."

எழுபது வயசுக்கு மேல ஆன மனுஷன், வாழ்நாள்ல ஆயிரக்கணக்கான பாம்பு பிடிச்சவர், தனக்குத் தெரியாத பாம்பு ஒண்ணு எங்க மோட்டார் கொட்டாயில கிடக்குதுன்னு சொன்னப்ப எனக்கு முதுகு சில்லிட்டது. பிறகு வனத்துறை ஆட்கள் வந்து பையில போட்டுக்கிட்டே சொன்னாங்க: "பால் பைத்தான். ஆப்பிரிக்கப் பாம்பு. யாரோ வீட்ல வளத்துட்டு, சலிச்சுப்போய் ஏரியோரம் விட்டுட்டுப் போயிருக்காங்க." விஷம் கிடையாது. ஆனா அன்னைக்கு அடி வாங்கிச் செத்திருக்கும்.

அந்தப் பாம்பு போனாலும் கேள்வி போகல. பாம்பை இன்னதுன்னு அடையாளம் பாக்குற அறிவு எங்க இருந்து வந்தது, யார் கையில இருந்தது, இப்ப எங்க நிக்குது? படிச்சதையும் கேட்டதையும் சேத்து எழுதுறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்குங்க.

பேர் தெரியாததால போன உயிர்

முதல்ல எங்க வீட்டுக் கதை. எனக்கு அப்ப பத்து வயசு. அறுவடை முடிஞ்சு நெல் களத்துல கிடந்தது. காவலுக்கு எங்க சித்தப்பா களத்துலயே பாய் விரிச்சுப் படுத்திருந்தார். முந்தின நாள் சாயங்காலம் வைக்கோல் போர் பக்கத்துல கறுப்புல வெள்ளை வளையம் போட்ட ஒரு பாம்பைப் பாத்தோம். "வெள்ளிக்கோல் வரையன்டா, ஒண்ணும் பண்ணாது"ன்னு பெரியவர் ஒருத்தர் சொன்னார். விட்டுட்டோம்.

விடியுறப்ப சித்தப்பாவுக்கு வயித்துவலி, வாந்தி. கடிச்ச தடம் எங்கயும் இல்லை. வீக்கமும் இல்லை. ராத்திரி சாப்பிட்ட கறிக்குழம்பு ஒத்துக்கலன்னு ஓமத்தண்ணி கொடுத்தாங்க. கொஞ்ச நேரத்துல கண் இமை தொங்கிப்போச்சு, பேச்சு குழறுச்சு. வண்டி கட்டிக் கொண்டுபோய்ச் சேக்குறதுக்குள்ள மூச்சு நின்னுடுச்சு. மத்தியானம் இதே இருளர் தாத்தா (அப்ப இளவட்டம்) பாயைத் தூக்கிப் பாத்தார். அடியில கட்டுவிரியன்.

கட்டுவிரியனுக்கும் வெள்ளிக்கோல் வரையனுக்கும் உள்ள வித்தியாசம் ரொம்பச் சின்னது. கட்டுவிரியனுக்கு வெள்ளைக் கோடு மெல்லிசா, பெரும்பாலும் ரெண்டு ரெண்டா சேர்ந்து இருக்கும். கழுத்துக்கிட்ட கோடு இருக்காது, கொஞ்சம் தள்ளி ஆரம்பிச்சு வால் பக்கம் போகப்போகத் தெளிவாகும். வரையனுக்கு நேர் எதிர்: கழுத்துலயே பட்டை ஆரம்பிக்கும், வால் பக்கம் மங்கிப்போகும். அதோட, கட்டுவிரியனுக்கு முதுகெலும்பு மேல ஒரு வரிசைச் செதில் மட்டும் பெருசா அறுகோணமா இருக்கும். இந்த நாலு வரி அன்னைக்குக் களத்துல யாருக்காவது தெரிஞ்சிருந்தா, சித்தப்பா வீட்டுத் திண்ணையில படுத்திருப்பார்.

விசாகப்பட்டினத்து டாக்டர்

இதே கவலை இருநூறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு வெள்ளைக்காரருக்கும் வந்தது. பேட்ரிக் ரஸ்ஸல். ஸ்காட்லாந்துக்காரர், மருத்துவர். அதுக்கு முன்னாடி சிரியாவில் அலெப்போ நகரத்தில் பிளேக் நோயைப் பார்த்தவர். 1780களின் தொடக்கத்தில் தம்பியோடு விசாகப்பட்டினம் வந்தார். 1785இல் கிழக்கிந்தியக் கம்பெனி அவரைச் சென்னை ராஜதானியின் இயற்கையியலாளராக நியமித்தது.

ஊர்ஊராகப் பாம்புக்கடிச் சாவு. ஆனா எது விஷப்பாம்பு, எது சாதுன்னு கம்பெனி ஆட்கள் யாருக்கும் தெரியாது. ரஸ்ஸல் பாம்புகளைச் சேகரித்து, கோழிகளையும் நாய்களையும் கடிக்கவிட்டுப் பார்த்து, படம் வரையவைத்து, ஒவ்வொன்றுக்கும் உள்ளூர் மக்கள் சொன்ன தெலுங்குப் பேரையே எழுதிவைத்தார். சோழமண்டலக் கரையின் பாம்புகளைப் பற்றிய அவருடைய பெரிய புத்தகம் 1796இல் லண்டனில் வெளிவந்தது. அதில் 'கட்டுக ரேகுல பொட' என்று அவர் குறித்த பாம்புதான் நம்ம கண்ணாடி விரியன். இன்னைக்கு உலகம் பூரா அதுக்கு ரஸ்ஸல் பேர்தான். கட்டுவிரியன் இனத்தோட அறிவியல் பேரான 'பங்காரஸ்' கூட அவர் எழுதிவைத்த தெலுங்குச் சொல்லில் இருந்து வந்ததுதான்.

அந்தக் காலத்தில் பாம்புக்கடிக்கு 'தஞ்சாவூர் மாத்திரை' என்று ஒன்று பிரபலம். பாஷாணம் சேர்ந்தது. ரஸ்ஸல் அதையும் கடிபட்ட பிராணிகளுக்குக் கொடுத்துச் சோதித்தார். நம்பி இருக்கிற அளவுக்குப் பலன் இல்லை.

இதில் நான் கவனிச்ச விஷயம் ஒண்ணு. புத்தகத்தில் பேர் ரஸ்ஸலுடையது. ஆனா அந்தப் பாம்புகளைப் பிடிச்சுக் கொண்டுவந்தவங்க, 'இதுக்கு இதுதான் பேரு' என்று சொன்னவங்க பேர் நம்ம ஜனங்களுக்குத் தெரியாது. அறிவு அவங்ககிட்ட இருந்துதான் போனது.

தோலும் விஷமும்

எங்க பக்கத்துல அந்த அறிவு இருளர்கள் கையில இருந்தது. வரப்புல ஒரு வளையைப் பாத்தா எலி இருக்குதா, பாம்பு இருக்குதா, போன தடமா வந்த தடமான்னு சொல்லிடுவாங்க. மண்ணுல விழுந்த கோடு, உரிச்சுப் போட்ட சட்டை, எச்சம், இதெல்லாம் அவங்களுக்கு எழுத்து மாதிரி.

ஆனா அந்த அறிவுக்கு ஊர் கொடுத்த விலை ரொம்பக் கம்மி. ரொம்ப காலம் அவங்க பிழைப்பு பாம்புத் தோல்தான். சாரை, நல்ல பாம்பு, மலைப்பாம்புன்னு பிடிச்சு உரிச்சு வியாபாரிகிட்ட கொடுப்பாங்க. அவர் கொடுக்குறதுதான் காசு. அந்தத் தோல் வெளிநாட்டுக்குப் போய்க் கைப்பையும் செருப்பும் ஆச்சு. 1972இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதைத் தொடர்ந்து தோல் ஏற்றுமதிக்கும் தடை விழுந்தது. பாம்புக்கு நல்லது. ஆனா ராவோட ராவா ஒரு ஜனத்தோட தொழில் குற்றமாயிடுச்சு.

அப்ப சென்னையில் பாம்புப் பண்ணை வைத்திருந்த ரோமுலஸ் விட்டேக்கரும் இருளர்களும் சேர்ந்து ஒரு வழி கண்டாங்க. பாம்பைக் கொன்னு தோல் விக்கிறதுக்குப் பதிலா, உயிரோட பிடிச்சு விஷம் எடுத்து விக்கிறது. 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் பதிவானது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் முதலைப் பண்ணைக்குள்ள இருக்கு, நீங்களும் பாத்திருப்பீங்க.

வேலை இப்படித்தான். அரசு அனுமதிச்ச எண்ணிக்கைக்குள்ள நாலு வகை மட்டும் பிடிப்பாங்க: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். மண்பானையில மணல் போட்டு, வாயைத் துணியால கட்டி வைப்பாங்க. சுமார் மூணு வாரத்துல நாலு தடவை விஷம் எடுத்துட்டு, வயித்துச் செதில்ல அடையாளம் வெட்டிக் காட்டுல விட்டுடுவாங்க. உடனே திரும்ப மாட்டினா அடையாளத்தைப் பாத்து விட்டுடலாம். அந்த விஷத்தை உறைய வச்சுப் பொடியாக்கி மருந்துக் கம்பெனிக்கு அனுப்புறாங்க. குதிரைக்குக் கொஞ்சங்கொஞ்சமா ஏத்தி, அது ரத்தத்துல உண்டாகுற எதிர்ப்பொருள்ல இருந்துதான் விஷமுறிவு மருந்து. நம்ம ஆஸ்பத்திரியில போடுற மருந்து இந்த நாலு பாம்புக்கும் சேத்துத்தான்.

2000 முதல் 2019 வரை இருபது வருஷத்தில் இந்தியாவில் பாம்புக்கடியால் செத்தவங்க சுமார் 12 லட்சம் பேர்னு ஓர் ஆய்வு கணக்குச் சொல்லுது. வருஷத்துக்கு ஏறக்குறைய 58,000. பெரும்பாலும் கிராமத்து ஜனம், நம்மளை மாதிரி வயல்ல நிக்கிறவங்க. இந்தக் கணக்குல தப்பிச்சவங்கள்ல எத்தனையோ பேர் உடம்புல ஓடினது இருளர் பிடிச்ச பாம்போட விஷத்துல செஞ்ச மருந்து.

அமெரிக்காக்காரன் வளத்த பாம்பு

இப்ப மோட்டார் கொட்டாய்க்கு வருவோம். வளத்துட்டு விட்டுட்டுப் போறது என்ன பெரிய தப்பா, பாம்பு பாட்டுக்குப் பொழச்சுக்கும்னு நினைக்கிறவங்க ஃப்ளோரிடா கதையைக் கேக்கணும்.

அமெரிக்காவின் தென்கோடியில் எவர்கிளேட்ஸ் என்று ஒரு பெரிய சதுப்புநிலம். நம்ம பள்ளிக்கரணையை எத்தனையோ மடங்கு பெருசாக்கி, கோரை மண்டி, நடுநடுவே மரத்திட்டுகளோட நினைச்சுக்குங்க. பர்மா மலைப்பாம்பு அந்த ஊர்ப் பாம்பே கிடையாது. நம்ம வடகிழக்கு மாநிலங்கள், பர்மா, தாய்லாந்து, தென்சீனா பக்கத்துப் பாம்பு. குட்டி ரெண்டடி இருக்கும், அழகா இருக்கும், கையில சுத்திக்கும். செல்லப்பிராணிக் கடையில வாங்கிட்டுப் போனாங்க. 1996 முதல் 2006 வரை மட்டும் ஏறக்குறைய 99,000 பர்மா மலைப்பாம்புகளை அந்த நாடு இறக்குமதி பண்ணியிருக்கு.

குட்டி குட்டியாவே இருக்குமா? சில வருஷத்துல பத்தடி, பன்னெண்டடி. எலி போதாது, முயல் வேணும். கூண்டு போதாது, அறை வேணும். கொல்ல மனசு வராம, வச்சுக்கவும் முடியாம, ராத்திரி வண்டியில கொண்டுபோய்ச் சதுப்புல விட்டாங்க. 1992இல் ஆண்ட்ரூ புயலில் ஒரு பாம்பு வளர்ப்புக் கூடம் சேதமாகி அங்கிருந்தும் தப்பிச்சதா சொல்றாங்க. 2000ஆம் ஆண்டு வாக்கில், அங்கே அது முட்டையிட்டுப் பெருகுதுன்னு அதிகாரிகளே ஒத்துக்கிட்டாங்க.

விளைவு? 2012இல் வந்த ஓர் ஆய்வு, தேசியப் பூங்காச் சாலைகளில் ராத்திரி வண்டி ஓட்டிக் கண்ணில் பட்ட பிராணிகளை முன்னாடி எடுத்த கணக்கோட ஒப்பிட்டது. ரக்கூன் 99 சதவீதம் குறைஞ்சுபோச்சு. ஒபோசம் அதே மாதிரி. காட்டுப்பூனை இனமான பாப்கேட் 87 சதவீதம். பிடிபட்டதா 2022இல் அறிவிச்ச ஒரு பெட்டைப் பாம்பு 98 கிலோ எடை, கிட்டத்தட்ட 18 அடி நீளம், வயித்துல 122 முட்டை.

2012இல் மத்திய அரசு இறக்குமதியையும் மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோறதையும் தடை செய்தது. 2013இல் பாம்புப் பிடிப் போட்டி வச்சாங்க. சுமார் 1,600 பேர் கலந்துக்கிட்டு ஒரு மாசத்தில் பிடிச்சது 68. காரணம் எளிசு. கோரைப் புதருக்குள்ள அந்தப் பாம்பு பக்கத்துல கிடந்தாலும் கண்ணுக்குத் தெரியாது.

கடைசியில அவங்க யாரைக் கூப்பிட்டாங்க தெரியுமா? நம்ம செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்களை. 2017 ஜனவரியில் மாசி சடையனும் வடிவேல் கோபாலும் மொழிபெயர்ப்பாளர்களோடு ஃப்ளோரிடா போனாங்க. ஒரு வாரத்துக்குச் சற்றுக் கூடுதலான நாளில் 13 மலைப்பாம்பு. அதில் ஒன்று 16 அடி பெட்டை, கைவிடப்பட்ட பழைய ஏவுகணைத் தளத்துக்குள்ள பதுங்கியிருந்தது. அங்கத்து ஆட்கள் கரைச்சாலையில வண்டியில போய்த் தேடுறப்ப, இவங்க ஒரு கடப்பாரையோட புதருக்குள்ள மெதுவா நடந்து தடம் பாத்தாங்க. எச்சம் பாத்தாங்க, உதிர்ந்த சட்டை பாத்தாங்க. எங்க வரப்புல எலி வளை பாக்குற அதே வித்தை. 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கொடுத்தாங்க.

இதுல பெருமைப்படவும் இருக்கு, வருத்தப்படவும் இருக்கு. அத்தனை பெரிய நாட்டுக்காரன் பணம் கொடுத்து வாங்கி, ஆசையா வளத்து, ரோட்டோரம் விட்ட பாம்பைத் தேடிப் பிடிக்க, பட்டா இல்லாம ஏரிக்கரையில குடிசை போட்டிருக்குற நம்ம ஜனத்தோட கண் வேண்டியிருந்தது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஃப்ளோரிடாவில் கொன்னு தீர்க்க முடியாத அதே பாம்பு, தன் சொந்த மண்ணில் அருகிவரும் உயிர்.

நம்ம பக்கம் வந்தாச்சு

நம்ம நாட்டுப் பாம்பு எதையும் வீட்ல வளக்கக் கூடாது, சட்டப்படி குற்றம். அதனால ஆசைக்காரங்க வெளிநாட்டுப் பாம்புக்குப் போறாங்க. 2023 ஜனவரியில் பாங்காக்கில் இருந்து வந்த விமானத்தில் கேட்பாரில்லாம கிடந்த பெட்டிகளைச் சென்னை விமான நிலையத்துல திறந்து பாத்தா, 45 பால் பைத்தான், 8 கார்ன் ஸ்னேக், கூடவே குட்டிக் குரங்குகளும் நட்சத்திர ஆமைகளும். இது மாட்டினது. மாட்டாதது எங்கெங்கயோ கண்ணாடித் தொட்டியில இருக்கு.

2020இல் மத்திய அரசு, வெளிநாட்டு உயிரினம் வச்சிருக்குறவங்க தாங்களா முன்வந்து பதிஞ்சுக்கலாம்னு ஆறு மாசம் அவகாசம் கொடுத்தது. 2022 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு பதிவு கட்டாயமாச்சு. பதிவு பண்ணாதவன் பிடிபடுற பயத்துல என்ன செய்வான்? நகரத்தை விட்டு வண்டியில வந்து, ஆள் இல்லாத ஏரிக்கரையா பாத்து விட்டுட்டுப் போவான். அவனுக்கு அது ஆள் இல்லாத இடம். எங்களுக்கு அது கொல்லை. ஃப்ளோரிடாவில் வளக்க முடியாதவங்க தண்டனை இல்லாம ஒப்படைக்க ஏற்பாடு பண்ணியிருக்காங்க. நம்ம ஊர்லயும் அப்படி ஒரு கதவு எப்பவும் திறந்தே இருந்தா, இந்தக் கள்ளத்தனம் பாதி குறையும்.

என் பயம் ஆப்பிரிக்கப் பாம்பு வந்து எலியைத் தின்னுடும்னு இல்லை. வேற. அன்னைக்குக் கூட்டத்துல இருந்த பத்தாவது படிக்கிற பையன், வனத்துறைக்காரர் அந்தப் பாம்பைக் கையில எடுத்ததைப் பாத்துட்டு, "இது பொம்மை மாதிரிதான்ணா இருக்கு, அடுத்த தடவ நானே எடுத்துடுவேன்"னான். என் அடிவயிறு கலங்கிடுச்சு. அடுத்த தடவை அங்க கிடக்கப்போறது நிஜக் கண்ணாடி விரியனா இருந்தா? மலைப்பாம்புக் குட்டின்னு நினைச்சுக் கண்ணாடி விரியனைத் தொட்டுச் செத்தவங்க ஏற்கனவே இருக்காங்க.

அதனால அவனையும் இன்னும் நாலு பசங்களையும் கூட்டிக்கிட்டுப் போய்த் தாத்தா முன்னாடி உக்கார வச்சேன். அவர் சொன்னதை அப்படியே போடுறேன்:

"கண்ணாடி விரியனுக்கு முதுகுல மூணு வரிச சங்கிலி. முட்டை முட்டையா, கோத்த மாதிரி ஒழுங்கா இருக்கும். மலப்பாம்புக்குத் திட்டு கோணமாணலா கெடக்கும். மண்ணுளிக்கு வாலு மொட்டை. சுருட்டை சின்னது, ஒடம்பை ஒரசிக்கிட்டே ரம்பம் அறுக்குற சத்தம் போடும். சாரைக்குக் கண்ணு பெருசு, உதட்டுல கறுப்புக் கோடு கோடா இருக்கும். சாரையும் நாகமும் பிணையும்கிறது பொய்யி. ரெண்டு ஆம்பள சாரை மல்லுக்கு நிக்கிறதத்தான் பாத்துட்டு அப்பிடிச் சொல்றானுங்க. கொம்பேறிமூக்கன் சுடுகாட்டுப் பொக வருதான்னு பாக்க மரமேறாது, ஓணான் புடிக்க ஏறும்."

கடைசியா ஒண்ணு சொன்னார். "இவ்ளோ தெரிஞ்சாலும், சந்தேகம்னு வந்துட்டா நான் அதை விரியன்னுதான் வச்சுக்குவேன். நாலடி தள்ளி நிப்பேன். அதனாலதான் இன்னும் உசுரோட இருக்கேன்."

இதுக்கு மேல நான் என்ன சொல்ல? தெரியாத பாம்பைப் பாத்தா தள்ளி நின்னு வனத்துறைக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ சொல்லுங்க. கடிச்சுட்டா கீறாதீங்க, இறுக்கிக் கட்டாதீங்க, மந்திரிக்கப் போகாதீங்க. கடிபட்ட கை காலை அசைக்காம 108ல நேரா ஆஸ்பத்திரி. ராத்திரி தரையில படுத்தவருக்குக் காலையில காரணமில்லாம வயித்துவலி, இமை தொங்குதுன்னா, கடித்தடம் இல்லைன்னாலும் கட்டுவிரியன்னே நினைச்சுக் கிளம்புங்க. களத்துல காவல் படுக்குறவங்க கட்டில் போட்டு, கொசுவலையைச் சுத்திச் செருகிக்கிட்டுப் படுங்க.

எங்க களத்துல இப்ப ஒரு பழைய கயித்துக் கட்டில் கிடக்குது. சித்தப்பா செத்த வருஷம் அப்பா வாங்கிப் போட்டது. கயிறு மட்டும் நாலஞ்சு தடவை மாத்தியிருக்கோம். வர்ற தை அறுவடைக்கு அதுல நான்தான் படுக்கணும்.